ராம்தாஸ் எப்படி மரிக்கார் ஆனார்?

2016 யூலையில் சென்னையில் ஒரு நடிகர் காலமானார். பெயர் எஸ். ராம்தாஸ். அந்தப் பெயரை மட்டும் போட்டால் இலங்கையில் பலருக்கு ஆள் பிடிபடாது எண்டு செய்தி எழுதினவங்களுக்குத் தெரியும். அதனால 'மரிக்கார் ராம்தாஸ்' எண்டு போட்டாங்க.

மரிக்கார் முஸ்லிம் குடும்பப் பெயர். புத்தளத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, வகுப்பில் ஒரு மரிக்காராவது இருந்திருப்பாங்க. ஒரு காலத்தில் நிதியமைச்சராக இருந்த நைனா மரிக்கார் எங்கட புத்தளத்து எம்பிதான். ஆனால் ராம்தாஸ் முஸ்லிம் இல்லை. வாப்பா வழியிலோ உம்மா வழியிலோ அந்தப் பெயர் அவருக்கு வரல்ல. வானொலி நாடகமொன்றில் அவர் நடித்த பாத்திரத்தின் பெயர் மரிக்கார். கேட்டவங்க அந்தப் பெயரைத் தூக்கி அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால வச்சிட்டாங்க. நாற்பது வருஷம் கழிச்சு மரணச் செய்தி வரைக்கும் அது கூடவே வந்தது.

அவர் ஒருத்தர் மட்டுமெண்டால் விட்டுவிடலாம். அந்த நாடகத்தின் பெயர் 'கோமாளிகளின் கும்மாளம்'. எழுபதுகளில் இலங்கை வானொலியில் போனது. எழுதினவரும் ராம்தாஸ்தான். முக்கியமான நாலு பாத்திரங்கள்: மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர். உபாலி சிங்களவர், அந்தக் குரல் எஸ். செல்வசேகரன் என்ற தமிழருடையது. யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற அப்புக்குட்டி ரி. ராஜகோபால். ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத். ஆமா, 'பாட்டுக்குப் பாட்டு' அப்துல் ஹமீத்தேதான். தமிழர் முஸ்லிமாக, இன்னொரு தமிழர் சிங்களவராக, முஸ்லிம் பிராமணராக! செல்வசேகரனும் கடைசி வரைக்கும் 'உபாலி செல்வசேகரன்' என்றுதான் அழைக்கப்பட்டார். ராஜகோபால் 'அப்புக்குட்டி ராஜகோபால்' ஆனார். ஹமீதுக்கு மட்டும் ஐயர் பட்டம் நிலைக்கவில்லை. அறிவிப்பாளராக அவருடைய சொந்தப் பெயரே அதைவிடப் பெரிசாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

இலங்கை வானொலி எண்டால் தமிழ்நாட்டில் பலருக்கும் ஞாபகம் வாறது பாட்டு. எங்கட வீடுகளில் அது நாடகமும்தான். 'சானா' என்ற சண்முகநாதன் 'லண்டன் கந்தையா'வைத் தந்த காலத்திலேயே ஒரு விஷயம் நிரூபணமாகியிருந்தது: மேடைத் தமிழை விட்டுவிட்டு, வீட்டுக்குள் பேசுகிற தமிழை மைக்குக்கு முன்னால் பேசினால் சனம் காதைக் கொண்டுவந்து வானொலிப் பெட்டியில் ஒட்டவைக்கும். 1967 இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறின பிறகும் அந்த வழி தொடர்ந்தது. ராம்தாஸ் அந்த வழியில் வந்த ஆள். அவர் செய்த புதுசு, ஒரே நாடகத்துக்குள் நாலு பேச்சை மோதவிட்டது.

இது எவ்வளவு கஷ்டமான வேலை எண்டு கொஞ்சம் யோசிக்கணும். வானொலியில் முகம் இல்லை. தொப்பி இல்லை, பூணூல் இல்லை, வேட்டியா சாரமா எண்டு காட்ட ஏலாது. மைக்குக்குக் கிட்ட நின்றால் பக்கத்தில் நிற்கிறார், ரெண்டு அடி தள்ளி நின்றால் வாசலில் நிற்கிறார், அவ்வளவுதான் காட்சியமைப்பு. நாலு ஆம்பிளைக் குரல் ஒரே அறையில் சண்டை பிடிக்கும்போது யார் எது சொன்னதெண்டு கேட்கிற ஆளுக்கு முதல் சொல்லிலேயே விளங்கணும். அதுக்கு நடிகரிடம் இருக்கிற ஒரே ஆயுதம் பேச்சு வழக்கு.

இலங்கையில் பேச்சு வழக்கு சும்மா இல்ல. யாழ்ப்பாணத்துத் தமிழில் 'உவன்', 'உது' எண்டு ஒன்று இருக்கு. 'இது'வுமில்லை 'அது'வுமில்லை, நடுவில் நிற்கிறது. மற்ற இடங்களில் அது எப்பவோ போய்விட்டது. கொழும்பு முஸ்லிம் பேச்சில் 'இருக்குது' என்பது 'ஈக்கிது' ஆகும், அண்ணன் 'நானா' ஆவார். சிங்களவர் தமிழ் பேசும்போது 'நான் போறது', 'நீங்க வாறது', 'அவர் சொல்றது' எண்டு எல்லாத்துக்கும் ஒரே வால் வைப்பார். நாங்க அதைக் கேட்டுச் சிரிப்போம், ஆனா அது பிழையான காது இல்ல. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. 'மம யனவா', 'எயா யனவா', நான் போனாலும் அவர் போனாலும் சொல் ஒன்றுதான். அந்தச் சட்டத்தோடு அவர் தமிழுக்குள் நுழைகிறார். உபாலி மாதிரி ஒரு பாத்திரத்தைப் பேசுகிற நடிகர் 'உடைஞ்ச தமிழ்' பேசினால் மட்டும் காணாது. எந்த இடத்தில் எப்படி உடையும் எண்டு தெரியணும். அதுக்குச் சிங்களமும் காதில் இருக்கணும்.

எங்கட வண்ணாத்திவில்லுப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இது பாடப் புத்தக விஷயமில்ல. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் போற பஸ்ஸில் ஏறினால் இந்தப் பேச்செல்லாம் ஒரே சீட்டு வரிசையில் கேட்கும். ஊர்ப் பெயரே ரெண்டு வாயில் ரெண்டு மாதிரி: தமிழில் வண்ணாத்திவில்லு, சிங்களத்தில் வனாத்தவில்லுவ. 'வில்லு' எண்டால் மழைத் தண்ணி தேங்குற இயற்கையான பள்ளம். பக்கத்தில் இருக்கிற வில்பத்துவிலும் அதே வில்லுதான் இருக்கு. கரையோரத்துக் கத்தோலிக்க மீனவர் பேசுகிற தமிழ் ஒன்று, உடப்பு ஆக்கள் பேசுகிறது இன்னொன்று. நீர்கொழும்பு பக்கம் போனால் பாட்டி தமிழிலும் பேத்தி சிங்களத்திலும் பேசுகிற வீடுகள். மரிக்காரும் உபாலியும் அப்புக்குட்டியும் ஒரே பெஞ்சில் இருந்து கத்துறது எங்கட பக்கத்தில் கற்பனை இல்லை, சந்தை நாள்.

வானொலியில் பிடித்துப்போனதும் படம் எடுக்கிற யோசனை வந்தது. காலமும் அதுக்குத் தோதாக இருந்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது, இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது, உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1962 இல் 'சமுதாயம்' வந்ததிலிருந்து தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த ஈழத்துத் தமிழ் சினிமா எழுபதுகளின் நடுப்பகுதியில்தான் வருஷத்துக்கு ஒன்று ரெண்டு, 1978 இல் அதைவிடக் கூட எண்டு ஓடத் தொடங்கியது. 'கோமாளிகள்' 1976 இல் வெளிவந்தது. தயாரிப்பு எம். மொகமட், இயக்கம் எஸ். ராமநாதன், கதை வசனம் ராம்தாஸ். கவிஞர் சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் நடித்திருந்தார்கள். கோமாளிகள் நாலு பேரும் தங்கட வானொலிப் பெயர்களோடேயே திரைக்கு வந்தார்கள். படம் நன்றாக ஓடியது. ரெண்டு வருஷம் கழிச்சு 'ஏமாளிகள்' வந்தது.

எனக்கு என்னவோ படத்தைவிட வானொலிதான் பெரிய சாதனை எண்டு படுகிறது. குரல் மட்டும் கேட்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மரிக்கார் இருந்திருப்பார்: தங்கட தெருவில் இருக்கிற கடைக்காரர், தங்களுக்குத் தெரிஞ்ச நானா. திரையில் அவர் ராம்தாஸ் ஆகிவிடுகிறார், தொப்பி ஒட்டவைத்த ராம்தாஸ். ஆனா ஜனங்களுக்கு முகம் பார்க்கவும் ஆசை இருந்திருக்கும், அதையும் குறை சொல்ல ஏலாது.

1976 ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அந்த வருஷம் பெப்ரவரி 2 ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலில் பொலிஸ் சுட்டு 7 பேர் செத்தாங்க. சிங்கள–முஸ்லிம் கலவரம் நடந்துகொண்டிருந்த நேரம். புத்தளத்தில் இந்தக் கதையைத் தெரியாத குடும்பம் இல்லை. புத்தளத்துக்கு வெளியில் இதைத் தெரிஞ்ச இளைஞர் மிகக் குறைவு. அதே வருஷம் மே 14 ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம், தனிநாட்டுக் கோரிக்கை. அதே வருஷக் கடைசியில் தியேட்டரில் மரிக்காரும் உபாலியும் அப்புக்குட்டியும் ஐயரும் சேர்ந்து கும்மாளம். இதை எப்படி வாசிக்கிறது? 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாத்தான் இருந்தோம்' எண்டு சொல்லுற பெரியாக்களுக்கு இந்தப் படம் ஒரு சாட்சி. ஒற்றுமை இல்லை எண்டதுக்குப் பள்ளிவாசல் சுவர் சாட்சி. ரெண்டும் ஒரே வருஷம். சிரிப்பு நிஜமாகத்தான் இருந்தது, ஆனா அதால ஒரு துவக்கையும் தடுக்க ஏலாமல் போச்சு.

இன்னொரு கேள்வி இப்பத்தைய பிள்ளைகளுக்கு உடனே வரும், வரவும் வேணும்: ஒரு சமூகத்தின் பேச்சை இன்னொரு சமூகத்து ஆள் பேசிச் சிரிக்கவைக்கிறது சரியா?

அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு இருக்கு. 1928 இல் சிக்காகோ வானொலியில் 'ஏமஸ் அண்ட் அண்டி' தொடங்கியது. ரெண்டு கறுப்பினப் பாத்திரங்கள். குரல் கொடுத்த ஃப்ரீமன் கொஸ்டனும் சார்ல்ஸ் கொரெலும் வெள்ளைக்காரர். நாடே அந்த நேரத்துக்கு வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டதாகச் சொல்வார்கள். கறுப்பின அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. நாங்க பார்த்து வளர்ந்த 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் கடைக்கார அபு இருக்கிறாரே, அந்த இந்தியக் குரல் ஹேங்க் அசாரியா என்ற நடிகருடையது. அவர் இந்தியர் இல்லை. 2017 இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் அந்தக் குரலால் பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியை வைத்து ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020 இல் அசாரியா இனி அபுவுக்குக் குரல் கொடுக்கமாட்டேன் எண்டு ஒதுங்கிக்கொண்டார்.

ராம்தாஸையும் அதே தராசில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனா தட்டில் என்ன இருக்கு எண்டு பார்த்து வைக்கணும். ஏமஸ் அண்ட் அண்டியில் போக்கு ஒரு பக்கம்தான். வெள்ளைக்காரர் கறுப்பினத்தவரைப் பேசலாம், கறுப்பினத்தவருக்கு அந்த ஸ்டூடியோவுக்குள் வெள்ளைக்காரரைப் பேச மைக் கிடைக்காது. டொரிங்டன் சதுக்கத்து ஸ்டூடியோவில் மைக் சுற்றிவந்தது. முஸ்லிம் பேச்சைத் தமிழர் பேசினார் எண்டால், பக்கத்தில் நின்ற முஸ்லிம் ஐயர் பேச்சைப் பேசினார். ஒருத்தர் மற்றவரைப் பார்த்துச் சிரிக்கும்போது இவரும் அங்கால திரும்பிச் சிரிக்க இடம் இருந்தது. இது சின்ன வித்தியாசம் இல்ல.

அதுக்காக எல்லாம் சரி எண்டு சொல்ல வரல்ல. இந்த நாலு பெயருக்குள்ள மலையகத் தமிழ் இல்லை. மட்டக்களப்புத் தமிழுக்கும் ஒரு நாற்காலி இல்லை. நாலு பேரும் ஆம்பிளைகள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. ஊர்ப் பேச்சு எண்டால் சிரிப்புக்கு, காதலுக்கும் கண்ணீருக்கும் 'நல்ல தமிழ்' எண்ட பழக்கம் எங்கட வானொலியையும் சினிமாவையும் நீண்ட காலம் பிடிச்சு வச்சிருந்தது. மரிக்கார் ஒருநாள் ஈக்கிது, பெய்த்தது எண்டு பேசிக்கொண்டே அழுதிருந்தால்? யாழ்ப்பாணத்தில் 'வாடைக்காற்று' மாதிரி ஒன்றிரண்டு படங்கள் அந்தப் பக்கம் காலை வச்சது உண்மை. முஸ்லிம் பேச்சுக்கு அந்த மரியாதை கிடைக்க இன்னும் எவ்வளவோ காலம் பிடித்தது. என்னைக் கேட்டால் இன்னும் முழுசாகக் கிடைக்கல்ல. பள்ளிக்கூட நாடகப் போட்டியில் எங்கட பேச்சில் ஒரு சோகக் காட்சி நடிச்சுப் பாருங்க, முதல் வரிக்கே நடுவர் சிரிப்பார்.

பிறகு 1983 யூலை. எத்தனையோ சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழ் இயக்குநர் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். சினிமாஸ் கே. குணரத்தினத்தின் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அதோடு எரிந்துபோன படச்சுருள்களுக்குக் கணக்கில்லை. இலங்கையில் தமிழர் சிங்களவருக்காகப் படம் எடுக்கிறதும், தமிழர் சிங்களவராக நடிக்கிறதும் ஒரே உலகத்தின் ரெண்டு வேலைகள். அந்த உலகம் அந்தக் கிழமைக்குள் சுருங்கிப்போச்சு. கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். ராம்தாஸ் மரிக்காராக வாழ்ந்த கொழும்பை விட்டு வெகு தூரத்தில், சென்னையில்தான் கண்ணை மூடினார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ரெண்டு மணித்தியால அவகாசம்தான் கொடுத்தார்கள். 70,000 க்கும் மேற்பட்ட சனம், பெரும்பகுதி வந்து சேர்ந்தது எங்கட புத்தளம் மாவட்டத்துக்கு. அப்படி வந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாயைத் திறந்தால் வாறது அப்புக்குட்டியின் தமிழ், பெயரைக் கேட்டால் மரிக்காரின் உலகம். நாடகத்தில் ரெண்டு பாத்திரமாகப் பிரித்துவைத்தது நிஜத்தில் ஒரே ஆளுக்குள் இருந்தது. வானொலிக்கு அது விளங்கல்ல, துவக்கு வச்சிருந்தவங்களுக்கும் விளங்கல்ல. வந்த இடத்திலும் அந்தப் பேச்சை வைத்துத்தான் 'அகதி' எண்டு அடையாளம் கண்டுபிடிச்சாங்க. முகாமில் பிறந்து புத்தளத்துப் பேச்சைப் பழகி, வீட்டுக்குள் போனதும் உம்மாவோடு 'உதென்ன' எண்டு மாறிப் பேசுகிற ஆக்கள் இந்த வலைப்பூவை வாசிக்கிறவங்களிலும் இருப்பீங்க. அவங்களும் ஒரு வகையில் குரல் நடிகர்கள்தான், சம்பளம் இல்லாமல்.

ஹமீதின் கதையில் மட்டும் ஒரு நல்ல திருப்பம் இருக்கு. 2000 இல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் ஈழத் தமிழ் பேசி நடிக்க, அந்தப் பேச்சுக்கு உதவினவர் அப்துல் ஹமீத். ஐயராகக் குரல் கொடுத்த கொழும்பு முஸ்லிம், ஐயங்கார் வீட்டில் பிறந்த நடிகருக்கு ஈழத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். ராம்தாஸ் எழுதியிருந்தால்கூட இப்படி எழுதியிருக்கமாட்டார். ஆனா கவனியுங்க, அங்கயும் ஈழத்துப் பேச்சு வந்தது எல்லாத்துக்கும் பயப்படுகிற ஒரு மனுசனின் வாயில், சிரிப்புக்காக.

செல்வசேகரன் 2012 இல் இறந்தார். 2018 இல் கிங் ரட்ணம் இயக்கிய 'கோமாளி கிங்ஸ்' வந்தபோது பெயரைக் கேட்டதும் பழைய ஆக்களுக்கு ஞாபகம் வந்தது 'கோமாளிகள்'தான். இளம் ஆக்களுக்கு அந்தப் பழைய பெயர் எதுவும் சொல்லல்ல. அவங்களைக் குறை சொல்லி என்ன, கேட்கிறதுக்கு எங்க இருக்கு? (ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து எங்கட பக்கத்துக்குக் குரல் வந்துகொண்டிருந்தது. 2019 இல் அறுவாக்காட்டுக்குக் குப்பை வரத் தொடங்கியது. அதுக்கு எதிராக எங்கட சனம் போட்ட சத்தம் கொழும்பு வரைக்கும் கேட்டிருக்கும் எண்டு நினைக்கிறன்.)

எழுபதுகளில் ரேப் ரெக்கோர்டர் வச்சிருந்த வீடுகளில் வானொலி நாடகத்தைப் பதிஞ்சு வைக்கிற பழக்கம் இருந்தது. பாட்டுக்கு நடுவில, கலியாண வீட்டுப் பதிவுக்குப் பின்னால, லேபிள் இல்லாத கசட்டின் ரெண்டாம் பக்கத்தில, எங்கயாவது மரிக்கார் இன்னும் கத்திக்கொண்டு இருக்கக்கூடும். பூஞ்சணம் பிடிக்க முன்னம் எடுத்துப் பாருங்க. கிடைத்தால் டிஜிட்டலாக்கி நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம், அவங்க புத்தகம் மட்டுமில்ல ஒலிப்பதிவும் சேர்க்கிறாங்க. கேட்கும்போது பக்கத்தில் அந்தக் காலத்து ஆள் ஒருத்தரையும் இருத்திவையுங்க. உபாலி எந்த இடத்தில் தமிழை உடைக்கிறார், அதுக்கு அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் எண்டு பாருங்க.